நடாஷாவைப் பாடவிடுங்கள்

டால்ஸ்டாயின் காதல் பக்கங்களை இசை நாடகமாக்கியது இலக்கியத்துக்குச் செய்த துரோகம் என்று சென்ற இதழில் நண்பர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் கூண்டில் ஏற்றியிருப்பது டேவ் மலாய் எழுதி இசையமைத்த ‘நடாஷா, பியர் அண்ட் தி கிரேட் காமெட் ஆஃப் 1812’ என்ற நாடகத்தை. 2012இல் நியூயார்க்கின் ஆர்ஸ் நோவா என்ற சின்ன அரங்கில் பிறந்து, 2016 நவம்பரில் பிராட்வேயின் இம்பீரியல் அரங்குக்குப் போனது அது. நண்பரின் வாதம் இவ்வளவுதான்: நாவலில் காதல் மௌனத்தில் வாழ்கிறது, பாட்டு அதைக் கொன்றுவிடும். அவ்வளவு பெரிய நாவலிலிருந்து எழுபது பக்கத்தை மட்டும் பிய்த்தெடுப்பது கொள்ளை. டால்ஸ்டாய்க்கே மேடைப் பாட்டு பிடிக்காது. இரவு விடுதி இசை அவரை அசிங்கப்படுத்துகிறது. கடைசியாக, பத்து மாதம்கூட ஓடாமல் நாடகம் படுத்துவிட்டது, மக்கள் நிராகரித்துவிட்டார்கள்.

இவற்றில் ஒன்றுகூடத் தேறாது. நாடகம் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அது அவரவர் ரசனை. ஆனால் அவர் டால்ஸ்டாயின் சார்பில் வழக்காடுகிறார். அந்த வழக்குக்காக நாவலைத் திறந்து பார்த்ததற்கான அடையாளம் கட்டுரையில் எங்கும் இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

முதல் குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். டி.எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழுக்குத் தந்த அந்த நாவலில், இளவரசர் ஆந்த்ரேய்க்கு நடாஷா மீது காதல் எப்படி வருகிறது? மனைவியை இழந்தவர், முப்பத்தோரு வயதிலேயே வாழ்க்கை முடிந்துவிட்டது என்று தீர்மானித்தவர். ஓர் இரவு அத்ராத்னோயே பண்ணை வீட்டில் தங்குகிறார். தூக்கம் வரவில்லை, ஜன்னலைத் திறக்கிறார். மேல் மாடி ஜன்னலில் இரண்டு பெண்களின் குரல் கேட்கிறது. அவர்கள் ஒரு பாட்டின் கடைசி அடிகளைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் நடாஷா பேசும் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. பின்னால் ரஸ்தோவ் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார். சாப்பாடு முடிந்ததும் அவர் கேட்டுக்கொண்டதற்காக நடாஷா பாடுகிறாள். ஜன்னலோரம் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் நின்றுபோகிறார். தொண்டை அடைக்கிறது. தனக்கு இன்னும் கண்ணீர் வரும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. காதல் வந்து சேர்ந்த இடம் அது. இந்தக் காதலைத்தான் மௌனத்தில் வாழ்வது என்கிறார் நண்பர்.

இதைவிடப் பெரிய சாட்சி நாவலின் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. நடாஷாவின் அண்ணன் நிக்கலாய் ரஸ்தோவ் சீட்டாட்டத்தில் தோலகவிடம் நாற்பத்து மூவாயிரம் ரூபிள் தோற்றுவிட்டு வீட்டுக்கு வருகிறான். அப்பாவால் கொடுக்க முடியாத தொகை. இனித் தோட்டாதான் என்ற எண்ணம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் விளக்கு எரிகிறது, இளையவர்கள் சிரிக்கிறார்கள், தங்கை பாடத் தயாராக நிற்கிறாள். இவர்களுக்கு வெட்கமே இல்லையா என்று எரிச்சல்படுகிறான். அவள் பாடத் தொடங்குகிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் அடுத்த சுரத்துக்குக் காத்திருக்கிறான். பிறகு, தன்னை அறியாமலே, அவள் எட்டும் உச்ச சுரத்துக்குத் துணைக்குரல் கொடுக்கிறான். கடன், மானம், தோலகவ், எல்லாமே அபத்தம், இது ஒன்றுதான் மெய் என்று அந்த ஒரு கணம் அவனுக்குத் தோன்றுகிறது. இத்தனை துல்லியமாகப் பாட்டின் வல்லமையை எழுதிய உரைநடைக்காரர் உலகத்தில் எத்தனை பேர்? பாட்டு முடிந்ததும் கடன் மறுபடி வந்து நெஞ்சில் உட்காருகிறது. அதையும் அவர் எழுதுகிறார். பாட்டு பொய் சொல்லவில்லை, அதன் ஆயுள் அவ்வளவுதான்.

அதோடு நின்றாரா? ஆந்த்ரேய்க்கு நிச்சயிக்கப்பட்ட பின் அனதோல் என்ற மயக்குக்காரனோடு ஓடிப்போகும் திட்டம் உடைந்து, நஞ்சு குடித்து, பிழைத்து எழுந்த நடாஷாவின் நிலையை மூன்றாம் பாகத்தில் சொல்ல வரும்போது டால்ஸ்டாய் எதைச் சொல்கிறார்? அவள் தனியாகப் பாட முயன்றால் கண்ணீர் குரலை அடைத்துவிடுகிறது என்கிறார். குரல் போனதுதான் அவள் சிதைவின் அளவு. காதல், நாசம், மீட்சி என்று ஒரு பெண்ணின் கதை முழுவதையும் அவள் குரலைக் கொண்டு அளந்த எழுத்தாளர் அவர். அப்படிப்பட்டவளை மேடையில் பாட வைத்தால் எந்த டால்ஸ்டாய்க்கு அவமானம்?

நண்பர் தன் துருப்புச் சீட்டாக வீசியிருப்பது ஆபரா அத்தியாயத்தை. இரண்டாம் பாகத்தின் ஐந்தாம் பகுதியில் நடாஷா மாஸ்கோவில் ஆபராவுக்குப் போகிறாள். வர்ணம் அடித்த அட்டைகள், பலகைத் தரை, பட்டு உடுத்திய பருத்த பெண், இறுக்கமான கால்சட்டையில் கையை ஆட்டிப் பாடும் ஆண். எல்லாவற்றையும் முதல் முறை பார்க்கும் கண்ணால் டால்ஸ்டாய் எழுதுகிறார். பழகிய பொருளைப் பழகாததாக்கும் உத்திக்கு ரஷ்ய விமர்சகர் ஷ்க்ளோவ்ஸ்கி 1917இல் எடுத்துக்காட்டுத் தேடியபோது டால்ஸ்டாயிடமே போனார், இந்த ஆபராவையும் சேர்த்தே. சரி. ஆனால் நண்பர் அந்த அத்தியாயத்தின் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார். கிராமத்திலிருந்து வந்த நடாஷாவுக்கு முதல் அங்கத்தில் எல்லாம் போலியாகத் தெரிகிறது. அடுத்தடுத்த அங்கங்களில், வெளிச்சமும் கூட்டமும் பக்கத்தில் அமர்ந்த அனதோலின் சகோதரி ஹெலனின் புன்னகையும் அனதோலின் பார்வையும் சேர்ந்து அவளை மயக்க, அதே மேடை அவளுக்கு இயல்பாகத் தெரியத் தொடங்குகிறது. ஒரு பெண்ணின் பார்வை இரண்டு மணி நேரத்தில் எப்படிப் புரண்டு போகிறது என்பதுதான் அந்த அத்தியாயம். அரங்கு கையாலாகாதது என்று டால்ஸ்டாய் நினைத்திருந்தால் நடாஷாவின் வீழ்ச்சியை அரங்கத்துக்குள் வைத்திருக்கவே மாட்டார்.

கிரேட் காமெட் இந்தப் புரட்டலை அப்படியே பிடித்திருக்கிறது. நாடகத்துக்குள் ஓர் ஆபரா நடக்கிறது, கரடுமுரடாக, காதுக்கு ஒவ்வாததாக. நடாஷாவோடு நாமும் முகம் சுளிக்கிறோம். அனதோல் நுழையும்போது இசை மாறுகிறது. சுளித்த முகத்தோடு உட்கார்ந்திருந்த நாம் எப்போது முன்னால் சாய்ந்தோம் என்பது நமக்கே தெரிவதில்லை. அவளுக்கு நடந்தது நமக்கும் நடந்துவிடுகிறது. ஒரு தழுவலிடம் இதைவிட என்ன கேட்பது?

‘கலை என்றால் என்ன?’ நூலில் டால்ஸ்டாய் வாக்னரைக் கிழித்தெறிந்தாரே என்றும் நண்பர் கேட்கிறார். கிழித்தார். அந்த நூலைத் தீர்ப்பாக ஏற்பதென்றால் முழுதாக ஏற்க வேண்டும். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனியும் அதில் தள்ளுபடி. தன் படைப்புகளில் இரண்டு சிறுகதைகள் நீங்கலாக எல்லாவற்றையும் மோசமான கலை என்று அவரே அங்கே ஒதுக்கித் தள்ளுகிறார். அதாவது ‘போரும் வாழ்வும்’ சேர்த்து. எந்த நூல் இந்த நாவலையே குப்பையில் போடுகிறதோ அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நாவலுக்குக் காவல் நிற்பதாகச் சொல்வது என்ன நேர்மை? 1876இல் மாஸ்கோவில் சைக்கோவ்ஸ்கியின் ‘ஆந்தாந்தே கந்தாபிலே’ கேட்டு அழுதவரும் இதே டால்ஸ்டாய்தான். நண்பரின் கட்டுரையில் அந்த டால்ஸ்டாய் இல்லை.

அடுத்து, எழுபது பக்கம். இருப்பதிலேயே ஆழமில்லாத குற்றச்சாட்டு இதுதான், கட்டுரையில் அதிக இடத்தை எடுத்துக்கொண்டிருப்பதும் இதுதான். மலாய் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இரண்டாம் பாகத்தின் ஐந்தாம் பகுதி, இருபத்திரண்டு அத்தியாயங்கள். நடாஷா மாஸ்கோவுக்கு வருவது முதல் அவள் குடும்ப நண்பன் பியர் வால்நட்சத்திரத்தைப் பார்ப்பது வரை. நாவல் அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில் டால்ஸ்டாய் அச்சுப் பணியை மேற்பார்த்த பர்தேனெவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த நடாஷா–அனதோல் பகுதியைத்தான் எழுதக் கடினமான இடம் என்றும், நாவல் முழுமைக்கும் முடிச்சு என்றும் சொன்னார். ஆசிரியரே முடிச்சு என்று காட்டிய இடத்தில் கை வைத்தவரைக் கொள்ளைக்காரர் என்கிறார் நண்பர். பிரகோஃபியெவும் தன் ஆபராவின் முன்பாதியை இந்தக் கதையைச் சுற்றித்தான் கட்டினார். பந்தர்சூக்கின் நான்கு பாகப் படத்தில் இரண்டாம் பாகத்துக்கு நடாஷா ரஸ்தோவா என்றே பெயர். எல்லோரும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள், ஏனென்றால் நாவலின் நெஞ்சு இங்கே துடிக்கிறது.

முழு நாவலையும் மேடையில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மார்கரெட் மிட்செலின் ‘கான் வித் தி விண்ட்’ நாவலை 2008 ஏப்ரலில் லண்டனின் நியூ லண்டன் அரங்கில் இசை நாடகமாக்கினார்கள். இயக்கியவர் ட்ரெவர் நன். மேடையும் இசை நாடகமும் அறியாதவர் அல்ல, ‘லே மிசராப்ல்’ நாடகத்தை ஜான் கேர்டோடு சேர்ந்து இயக்கியவர். ஒரு சம்பவத்தையும் விடக் கூடாது என்று மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள். ஸ்கார்லெட்டின் மனதுக்குள் நுழைய எந்தக் காட்சிக்கும் நேரமில்லை. ஜூனில் மூடிவிட்டார்கள். நண்பர் கேட்கும் விசுவாசம் அதுதான் என்றால் அதன் விலையும் அதுதான்.

தமிழில் எழுதுகிறவர் இந்தக் குற்றச்சாட்டை வைப்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. கம்பனை எடுத்துக் கீர்த்தனைகளாக்கி ‘இராம நாடகம்’ தந்தார் அருணாசலக் கவிராயர். கம்பன் அதனால் ஓர் அடி குறைந்தானா? ஏடு வாசிக்கத் தெரியாத சனங்களின் வாய்க்குக் கதை போய்ச் சேர்ந்தது. இந்த மண்ணில் நின்றுகொண்டு, பெரிய நூலைப் பாட்டாக்குவது இழிவு என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

மனத்துக்குள் நடப்பதைப் பாட்டில் சொல்லவே முடியாது, பாட்டு எதையும் வெளியே கூவிவிடும் என்கிறார் நண்பர். அவர் கேட்ட பாட்டுகள் அப்படி இருக்கலாம். மலாய் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். லூயிஸ், ஐல்மர் மாட் தம்பதியின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வாக்கியங்களை எடுத்து, கதைசொல்லியின் படர்க்கையையும் மாற்றாமல் பாத்திரங்களின் வாயில் வைத்தார். நடாஷா தன்னைப் பற்றியே ‘அவள்’ என்று பாடுகிறாள். உணர்ச்சிக்குள் இருந்துகொண்டே அதை வெளியே நின்றும் பார்க்கிறாள். டால்ஸ்டாயின் நடை நம்மிடம் செய்யும் வேலை இதுதான். பாத்திரத்தின் நெஞ்சுக்குள்ளும் இருப்பார், அறையின் மூலையிலும் நிற்பார்.

நடாஷா தன் வருங்கால நாத்தனாரான, ஆந்த்ரேயின் தங்கை மரியாவைப் பார்க்கப் போகும் காட்சி ஒன்று போதும். இருவரும் மரியாதையாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருத்தியை ஒருத்திக்குப் பிடிக்கவில்லை. மரியாவுக்கு வந்தவள் மிகை அலங்காரக்காரி, அற்ப மகிழ்ச்சியில் மிதப்பவள். நடாஷாவுக்கு இவள் அழகில்லாதவள், பாசாங்குக்காரி. உரைநடையில் ஒரு மனதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த மனதுக்குப் போக முடியும். டால்ஸ்டாயாலும் அதை மாற்ற முடியாது. மேடையில் இரு குரல்களும் ஒரே நேரத்தில் எழுகின்றன, ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. இரண்டு மனங்களும் ஒரே கணத்தில், ஒரே அறையில், ஒருவரை ஒருவர் கேட்காமல். பாட்டுக்கு முடியாதது எது என்று பட்டியல் போட்டவர், உரைநடைக்கு முடியாத இதை ஏன் குறிப்பிடவில்லை?

சோனியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனதோலின் கடிதத்தைப் படித்துவிடுகிறவள் சோனியா. ஓடிப்போகும் திட்டத்தை மோப்பம் பிடித்து, தூங்காமல் நின்றாவது தன் தோழியைத் தடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறாள். அவள் இல்லையென்றால் நடாஷா அந்த இரவே அனதோலின் வண்டியில் ஏறியிருப்பாள். டால்ஸ்டாய் இந்த முடிவுக்கு ஒதுக்கியது சில வரிகள். கடைசிப் பகுதியில் அவளுக்குக் கிடைத்த பரிசு இன்னும் கொடுமை. எல்லோரையும் காப்பாற்றி, தன் காதலை விட்டுக்கொடுத்து, அந்த வீட்டிலேயே ஒண்டிக்கொண்டிருப்பவளைக் காய்க்காத பூ என்று நடாஷாவே சொல்கிறாள். டால்ஸ்டாய் மறுப்பதில்லை. மலாய் அந்தச் சில வரிகளை ஒரு முழுப் பாட்டாக்கினார். மேடை அடங்குகிறது, சோனியா தனியாக நிற்கிறாள், யாரும் நன்றி சொல்லப்போவதில்லை என்று தெரிந்தே காவலுக்கு நிற்பேன் என்கிறாள். அரங்கில் அதிகம் பேரை அழவைத்த இடங்களில் இதுவும் ஒன்று. டால்ஸ்டாய் கஞ்சத்தனம் செய்த இடத்தில் ஓர் இசையமைப்பாளர் நியாயம் செய்திருக்கிறார். இதைத் துரோகம் என்று சொல்கிறவருக்கு நாவலில் சோனியா என்ற பெண் கண்ணில் பட்டிருக்கவே மாட்டாள்.

இரவு விடுதி இசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரங்க வடிவமைப்பாளர் மிமி லியன் இம்பீரியல் அரங்கையே சிவப்புத் திரைகள் தொங்கும் ரஷ்ய விருந்துக்கூடமாக மாற்றினார், மேடை மீதும் பார்வையாளர்களை உட்கார வைத்தார். அனதோலும் தோலகவும் ஆடும் இடங்களில் மின்னணுத் தாளம் அதிர்கிறது. நாவலில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஜிப்ஸிப் பாடகிகள், உடைந்த கோப்பைகள், குதிரைகளைச் சாகடிக்கிற வேகத்தில் ஓட்டும் பலாகா என்ற வண்டிக்காரன். பெண்ணைக் கடத்தக் கிளம்பும் முன் குடித்துக் கூத்தடிக்கிறார்கள். அந்த இரைச்சல் டால்ஸ்டாய் எழுதியது. நண்பருக்கு அது பிடிக்கவில்லை என்றால் அவர் சண்டை மலாயோடு அல்ல.

மௌனம் வேண்டும் என்கிறாரே, அதுவும் நாடகத்தில் இருக்கிறது. கடைசியில் பியர் நடாஷாவைப் பார்க்க வருகிறான். பெயர் கெட்டு, நிச்சயம் முறிந்து, உடம்பும் நொந்து கிடக்கிறாள். தான் தானாக இல்லாமல், உலகத்திலேயே அழகான, அறிவான, சுதந்திரமான மனிதனாக இருந்தால் இந்தக் கணமே மண்டியிட்டு உன்னைக் கேட்பேன் என்ற பொருளில் அவளிடம் சொல்கிறான். தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாலேயே ஆன இந்த நாடகத்தில் பாடாமல் வெறும் பேச்சாக வரும் ஒரே இடம் இது. இசை நிற்கிறது, தடுமாறுகிற சாதாரண மனிதக் குரல் ஒன்று பேசுகிறது. இரண்டரை மணி நேரம் பாடிய பிறகு வருவதால்தான் அந்தப் பேச்சு அப்படித் தைக்கிறது. எங்கே பாட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று இவ்வளவு தெரிந்த கலைஞரைப் பார்த்து நாவலின் மௌனம் புரியாதவர் என்று எழுத எவ்வளவு அலட்சியம் வேண்டும்.

இனி அவருடைய கடைசி ஆயுதம், வசூல். நாடகம் 2017 செப்டம்பரில் பிராட்வேயில் நின்றது உண்மை. அந்த ஆண்டு டோனி விருதுக்கு வேறெந்த நாடகத்தையும்விட அதிகமாகப் பன்னிரண்டு பரிந்துரைகளைப் பெற்றது என்பதை அவர் எழுதவில்லை. அரங்க அமைப்புக்கும் ஒளியமைப்புக்கும் பரிசு கிடைத்தது. பியராக நடித்த ஜாஷ் க்ரோபன் புகழ் பெற்ற பாடகர், சீட்டு விற்றதில் அவர் பெயருக்குப் பெரும் பங்கு. அந்த ஜூலையில் அவர் விலகியதும் விற்பனை சரிந்தது. அடுத்து வந்த நடிகரை நடுவில் மாற்றப்போவதாக அறிவித்ததில் பெரும் சர்ச்சை எழுந்து, வரவிருந்தவரும் பின்வாங்கினார், நாடகத்தை மூடினார்கள். இது நட்சத்திரத்தை நம்பிய வியாபாரத்தின் கணக்கு. இதை வைத்து நாவலைப் பாடலாமா கூடாதா என்று முடிவு கட்ட முடியாது. வசூல்தான் அளவுகோல் என்றால், லண்டன் விமர்சகர்கள் பலர் 1985இல் சிதைத்து எழுதிய ‘லே மிசராப்ல்’ பல பத்தாண்டுகள் ஓடியதே, அதை நண்பர் மகத்தான தழுவல் என்று ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொள்ள மாட்டார். வசூல் வந்தால் மலிவு, வராவிட்டால் மக்கள் தீர்ப்பு என்று இரு பக்கமும் ஒரே ஆளைத் தோற்கடிக்கும் தராசு அது.

மேடை பார்த்தவன் நாவலைத் தொட மாட்டான் என்ற புலம்பலும் கட்டுரையில் இருக்கிறது. ‘ஜேன் அயர்’ 1847 அக்டோபரில் வெளியானது. 1848 தொடக்கத்திலேயே லண்டன் விக்டோரியா அரங்கில் நாடகமாகிவிட்டது. அன்று முதல் எத்தனையோ மேடைகள், 2000இல் பிராட்வே இசை நாடகம் உட்பட. அந்த நாவலை யாரும் படிப்பதில்லை என்று அவர் சொல்லத் தயாரா?

கிரேட் காமெட்டும் 2017இல் சாகவில்லை. 2019இல் டோக்கியோவில் ஜப்பானிய மொழியில் மேடையேறியது. டொரான்டோவில் போட்டார்கள். 2024 டிசம்பரில் லண்டனின் டான்மார் வேர்ஹவுஸ், இருநூற்றைம்பது பேர் உட்காரும் சின்ன அரங்கு, டிம் ஷீடர் இயக்கத்தில் அதைப் புதிதாக எடுத்தது. நட்சத்திரப் பெயரும் ராட்சத அரங்கும் இல்லாமல், ஆர்ஸ் நோவாவில் தொடங்கிய அளவுக்கே திரும்பி நின்று ஓடியது. மக்கள் நிராகரித்துவிட்டார்கள் என்ற வாக்கியத்தை நண்பர் அடுத்த இதழிலாவது திரும்பப் பெற வேண்டும்.